மஞ்சள் தடவிய சாட்சி

ஏ.எஸ்.ராவ் நகரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "நம்ம லைப்ரரியக் காப்பாத்தினது ஒரு கல்யாணப் பத்திரிகைதான் அக்கா."

பேசியவர் செகந்திராபாத்தின் பழைய தமிழ் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவராம். கேட்டவர் மடியில் முருங்கைக்காய்க் கட்டு.

"கோர்ட்லயா சாந்தி?"

"ஹவ், ஆமா. 'அது எங்க தாத்தா கட்டின சொந்த வீடு'ன்னு ஒருத்தன் கேஸ் போட்டானில்ல? நம்ம பத்திரத்தையெல்லாம் கரையான் தின்னுடுச்சு."

"அய்யய்யோ!"

"அந்தக் காலத்துல நம்ம ஹால்ல கல்யாணம் பண்றவங்க, லைப்ரரிக்கும் ஒரு பத்திரிகை வெப்பாங்க. எல்லாம் பிஸ்கட் டப்பால பத்திரமா இருந்துச்சு. கமிட்டிக்காரங்க குப்பைல போடச் சொன்னாங்க, நான்தான் நக்கோ, போடவேணாம்னேன்."

இதற்குள் நான் இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது. மற்ற வேலைகளைப் பாதியில் விடுவேன்; ஒட்டுக்கேட்பதை மட்டும் விட்டதில்லை.

"அதுல என்ன இருந்துச்சு?"

"அவன் தாத்தா கல்யாணப் பத்திரிகையே இருந்துச்சு! மஞ்சள்கூடப் போகல. 'தமிழர் பொது நூலக மண்டபத்தில்'னு கொட்டை எழுத்து. நேத்து ஜட்ஜ் படிச்சுப் பாத்துட்டு, கட்டடம் நமக்குத்தான்னுட்டாரு!"

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வெளிய வந்து, 'மேடம், தாத்தா பத்திரிகை எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல, அதைத் தர்றீங்களா'ன்னு கேக்கறான்."

"குடுத்துட்டியா?"

"தருவேனா? மெம்பராச் சேரு, உள்ள உக்காந்து படிச்சிட்டுப் போன்னேன். இன்னிக்குக் காலைல வந்து சேர்ந்துட்டான் அக்கா!"