நூற்றுப் பன்னிரண்டு கொடிகள்

எனக்குத் தரை சுத்தமாக இருக்க வேண்டும், தம்பி. எண்பது வயதில் ஒருவனுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

என் மருமகள் பூச்சி ஆராய்ச்சி செய்கிறவள். ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் முற்றத்து மண்ணில் ஒரு தேனீயைக் கண்டுபிடித்தாள். கூட்டமாக வாழாத தேனீ. ஒவ்வொரு தாயும் தனியாகக் குழி தோண்டி, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்படியெல்லாம் நடக்காது.

உலகத்தில் வேறெங்கும் இது இல்லையாம். அதனால் நூற்றுப் பன்னிரண்டு குழிகளுக்கும் எண் போட்ட சிவப்புக் கொடிகள். என் முற்றத்தில் நானே நொண்டியடித்து நடந்தேன்.

"மாமா, கால் பாத்து. அறுபத்தேழு இன்னும் வீட்டை மூடல."

என் எண்பதாவது பிறந்தநாள் நெருங்கியபோது மைத்துனர் வந்தார். "என்ன மச்சான், உங்கப்பா கட்டின வீட்டுல எலி வளர்க்கிறீங்களா? விருந்துக்கு வர்ற எங்களுக்கும் நம்பர் போட்டுக் கொடி குத்துவீங்களா?"

பேச்சில் அப்பாவை இழுத்துவிட்டார். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மருமகள் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போன அன்றே கொத்தனாரை வரவழைத்தேன்.

"ஐயா, உள்ள ஏதோ உயிர் இருக்கும் போல."

"வாடகை தராம இருக்குதுங்க. நீ கலவையைக் கொட்டுப்பா."

எத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு அப்படியொரு குஷி. வாய் தானாகப் பாட்டை முணுமுணுத்தது. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு தாய்கள் திரும்பி வந்தன. விருந்து முடிந்து செருப்பைத் தேடுகிறவர்களைப் போல ஈரச் சிமெண்டின்மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. வயிறு குலுங்கச் சிரித்தேன். கொத்தனார் சிரிக்கவில்லை, ரசனை இல்லாத ஆள். சில இறங்கி ஒட்டிக்கொண்டன. மட்டப்பலகையை வாங்கி நானே சமன் செய்தேன். பிறகு ஓர் ஆணியால், காய்வதற்குள், அப்பாவின் பெயரை ஒரு முழ உயரத்தில் எழுதினேன்.

மருமகள் திரும்பி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"உங்க பொறந்தநாளுக்கு வச்சிருந்தேன், மாமா. அந்தத் தேனீக்கு அறிவியல் பேரா உங்கப்பா பேரைத்தான் வச்சிருக்கோம்."

அன்று சாயங்காலமே என் மகனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறந்தநாளன்று முற்றத்தில் தனியாகவே ஒரு சுற்று ஆடினேன். கால் எங்கும் தடுக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். ஒன்றுவிடாமல். உங்கள் விசாரணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. அப்பாவின் பெயரை அழித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வந்து பாருங்கள், அப்படியே இருக்கிறது. எந்தப் பூச்சியாலும் அதைத் தோண்ட முடியாது.