மகள் பதினோரு கிலோ, மகன் நாற்பத்தெட்டு கிலோ

தணிகை மலையடியில் கூடியிருக்கும் இந்தச் சத்துணவுத் திருவிழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தகைசால் தலைமையாசிரியர் சாமிநாதன் ஐயா அவர்களே, அங்கன்வாடியின் அணையா விளக்கு அன்புத்தங்கை ஹேமாவதி அவர்களே, பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியோர்களே, பிள்ளையை இடுப்பில் சுமந்து நிற்கும் தாய்மார்களே! ஆர்.கே.பேட்டை விசைத்தறித் தொழிலாளி வீரபத்திரனின் வணக்கம்!

உலகத்தின் ஒரு மூலையில் எலும்பு தெரியும் குழந்தை. மறு மூலையில் மூச்சு வாங்கும் குழந்தை. அந்த இரண்டு மூலைகளும் எங்கே இருந்தன? ஆப்பிரிக்காவிலா? அமெரிக்காவிலா? இல்லை ஐயா, என் ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தன!

என் மகள் அபிக்கு நான்கு வயது, பதினோரு கிலோ. மகன் கதிரவனுக்கு ஒன்பது வயது, நாற்பத்தெட்டு கிலோ. நானும் என் மனைவி பத்மாவும் நாளெல்லாம் தறியில். அழுதால் அவளுக்கு டீயும் பிஸ்கட்டும். கேட்டால் அவனுக்குச் சிப்ஸும் கலர் பானமும்.

தங்கை ஹேமாவதி எடை பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, ரெண்டு புள்ளைக்கும் சத்து கொறவுதான்.”

“இன்னாம்மா சொல்ற? பையன் நல்லா குண்டா கீறானே!”

“ஒடம்புதாண்ணா குண்டா கீது. ரத்தத்துல சத்தே இல்லியாம், ஸ்கூல்ல ரத்தம் எடுத்துப் பாத்த டாக்டர் சொன்னாரு.”

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன்!

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைப்படி ஏறினோம். அறுபதாவது படியில் கதிரவன் உட்கார்ந்துவிட்டான். “நைனா, என்னால முடியல. நீங்க போங்க” என்றான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. தோளில் இருந்த மகள் எனக்குக் கனக்கவே இல்லை. படியில் இருந்த மகனைத் தூக்கவே முடியவில்லை. பெற்றவன் எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் முதல் பகல் ஒரு மணிக்குத் தறியை நிறுத்தினேன். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, முட்டை. சாப்பாட்டு மணிக்குக் கதிரவனும் பள்ளியிலிருந்து வந்துவிட, நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கதிரவன் இரண்டு நாள் ஸ்ட்ரைக்! அபி களியைத் துப்பினாள், என் சட்டையில்! விட்டோமா? விடவில்லை! பக்கத்து வீடு பார்த்தது, எதிர்வீடு பார்த்தது. இன்று எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுத் தறிகள் ஒரு மணிக்கு ஓய்கின்றன. “இன்னா கொழம்பு?” என்ற குரல்கள்தான் கேட்கின்றன!

ஓராண்டு ஆனது. அபி பதினைந்து கிலோ. “இன்னொரு முட்ட குடு நைனா” என்று தட்டை நீட்டுகிறாள். கதிரவன் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடினான். எத்தனையாவது தெரியுமா? ஐந்து பேரில் நான்காவது! ஆங், கைதட்டுங்கள்! முதலில் வந்தவனைப் பெற்றவர்கூட என்னைப்போல் கத்தியிருக்க மாட்டார்!

தாய்மார்களே, தந்தைமார்களே! இளைத்த பிள்ளையும் நம் பிள்ளை, பெருத்த பிள்ளையும் நம் பிள்ளை. இருவருக்கும் வேண்டியது நல்ல சோறு. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஒரு கை. அந்தக் கை இன்றே நம் கையாகட்டும்!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் வீட்டுக் குழந்தைகள் ஓடட்டும், ஆடட்டும், வாழட்டும்! வணக்கம்!