மீட்டருக்குச் சொல்லிக் கொடுத்த காற்று

எனக்குச் சிரித்த முகம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான், திமிர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் சார். சாவு வீட்டில்கூட என்னைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள்.

எங்கள் ஆய்வு நிலையத்தின் வேலை எளிது. காற்றில் கலந்துவிட்ட கரியமில வாயுவை உறிஞ்சி, குழாய் வழியே பூமிக்குள் ஆழமாக இறக்கிவிடுவோம். இறக்கியது உள்ளேயே கிடக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. கிடக்கிறது என்று நாங்கள் சொன்னால் போதும், ஆலைகள் அவசரப்பட்டுப் புகையைக் குறைக்க வேண்டியதில்லை என்று அரசாங்கம் கொள்கை வகுத்துவிடும். நிலையமும் பெரிதாகும். நான் இயக்குநராவேன். பேராசை இல்லை சார், அத்தனை வருட உழைப்பு.

என் தங்கையின் கணவர் அங்கேதான் கசிவு பார்க்கும் பொறியாளர். தங்கமான மனிதர். ஒரே குறை, மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிடுவார். கொள்கைக் குழு வரவிருந்த அன்று காலையிலேயே என் அறைக்கு வந்துவிட்டார்.

“மச்சான், வால்வுக் குழியில மீட்டர் நேத்து கத்து கத்துன்னு கத்துச்சு. உள்ள போட்டது மேல வருது. குழு வந்ததும் சொல்லிடப் போறேன்.”

“தாராளமா சொல்லுங்க மாப்ள. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். இதில் என்ன தப்பு?

அந்த மீட்டருக்குச் சுயபுத்தி கிடையாது. தினமும் காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தி, இதுதான் நல்ல காற்று என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைவிட மோசமானால்தான் கத்தும். அன்று என் முறை. மாடி ஏறச் சோம்பலாக இருந்தது, குழியோ பக்கத்திலேயே இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏணியில் இறங்கி, அங்கேயே பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன். விருந்தாளிகள் முன்னால் கத்தி மானத்தை வாங்கக் கூடாதே என்றுதான்.

மாப்பிள்ளை அதைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பார்க்க எனக்கே நிறைவாக இருந்தது.

“நின்னுடுச்சு மச்சான். நான்தான் வீணா பயந்துட்டேன். வால்வை ஒரு தரம் கையால தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்.”

மீட்டரை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். எங்கள் நிலையத்தில் காவலாளிக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான்.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் கார்கள் வந்துவிட்டன. வந்தவர்களை வாசலில் நிறுத்தலாமா? உபசரித்து உட்கார வைத்தேன். அன்று நான் பேசியது பிரமாதம், குழுத் தலைவி வாய்விட்டுச் சிரித்தார். கசிவு உண்டா என்று கேட்டார். மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன். அது சமர்த்தாக இருந்தது. புகை குறைப்பைத் தள்ளிப்போடலாம் என்று அங்கேயே முடிவானது.

அவர்களை வழியனுப்பிவிட்டுத்தான் குழிப்பக்கம் போனேன்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். குழியில் நல்ல காற்று என்று நான் நம்பியிருந்தால், அவரைத் தூக்க இறங்கும்போது முகமூடியும் முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரும் எதற்கு? எனக்கு ஒரே தங்கை சார். அவளைப் பார்த்துக்கொள்ள நானாவது இருக்க வேண்டாமா?