இம்பாலிலிருந்து மாப்பிள்ளை

(தியாகராய நகர். 1948, ஆனி மாதத்து முகூர்த்த நாள், காலை. மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டு டெலிபோன் வெகுநேரம் அடித்த பிறகு எடுக்கப்படுகிறது.)

ஹலோ... ஹலோ... ராவ்பகதூர் சுந்தரராமன் பேசறேன்... யாரு, வேதாந்தமா? சம்பந்தி, ‘ராவ்பகதூர் இருக்காரா’ன்னு கேக்கணும். ‘இருக்கேளா’ன்னு மொட்டையா கேக்கப்படாது... பட்டமெல்லாம் போயிடுத்தா? சர்க்கார் எடுக்கலாம், நீர் எடுக்கப்படாது.

...ஆமா... ஆமா... மாப்பிள்ளை வரலை, தெரியும். அதுக்கு உமக்கு ஏன் மூச்சு வாங்கறது?... இதோ பாரும், இம்பால்லேர்ந்து அகர்தலா நூத்தெண்பது மைல். ஏரோப்ளேன்ல ஒரு மணி சொச்சம். அங்கேர்ந்து கல்கத்தா. கல்கத்தாலேர்ந்து மீனம்பாக்கம்... யார் சொன்னாளா? நானே அளந்தேன்! அட்லஸை விரிச்சு, பூணூலை இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் இழுத்துப் பிடிச்சு... யாரு அங்கே சிரிக்கறது? பக்கத்தாத்து டாக்டரா? அவர் டெலிபோன்னா அவர் சிரிக்கலாமோ?

...மழையா? அட்லஸ்ல மழை ஏதுங்காணும்?... மலை பூரா மேகம், நாலு நாளா ஒரு விமானமும் கிளம்பலையா? உமக்கு யார்... ஸ்ரீகண்டனே தந்தி கொடுத்தானா? பெத்தவனுக்குக் கொடுக்காம, உமக்கா?... ஓஹோ. ‘முன்னாலேயே ரயில்ல கிளம்பறேன்னேன், அப்பா விடலை’ன்னு போட்டிருக்கானா?... ஆமா, விடலை! விமானக் கம்பெனியில உத்தியோகம் பாக்கற பிள்ளை, மூஞ்சியெல்லாம் கரியோட சென்ட்ரல்ல வந்து இறங்கினா, பாண்டி பஜார்ல நான் தலை காட்டறதா வேண்டாமா?

...கத்தாதேயும். நேத்து ஜானவாச ஊர்வலத்துக்கு என்ன குறைச்சல்? மாப்பிள்ளை இல்லேன்னா என்ன, கார்ல அவன் போட்டோவை வச்சு, மாலை போட்டு, நாயனத்தோட உங்க மயிலாப்பூர் மாட வீதி சுத்தலையா?... மாலை போட்ட போட்டோவைப் பாத்து உம்மாத்து மாமி மயக்கம் போட்டுட்டாளா? அதுக்கு நான் என்ன பண்ண?

...இந்த முகூர்த்தம் போனா ஆவணியில வச்சுக்கலாம்... பொண்ணுக்கு அபவாதமா? வரட்டுமே. இருபத்திரண்டு வயசு, நிறமோ அந்த மாதிரி, போறாததுக்குப் படிப்பு வேற. காத்திண்டிருக்கறதைத் தவிர அவளுக்கு என்ன வேலை?... அழறீரா? ஆம்பிளை அழப்படாது, வேதாந்தம். அதுவும் டெலிபோன்ல அழப்படாது, ஒண்ணும் காதுல விழலை.

...ஹலோ... யாரு?... சூடாமணியா? குழந்தே, கல்யாணப் பொண்ணு நீ இங்கெல்லாம்... சரி, சொல்லு... தூரமா? எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும்?... மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்குமா! ரெண்டரை மைல் இருக்கும். கார்ல பத்து நிமிஷம்... மேகமா? இல்லையே, பளிச்னு இருக்கு. ஏன் கேக்கறே?... பதினோரு மணிக்கா? வரேன், வரேன். என்னாட்டம் பெரிய மனுஷா வந்து நாலு வார்த்தை சொன்னாத்தான் உங்கப்பாவுக்கு... என்னது, சாப்பிடவா?... கல்யாணச் சாப்பாடா?... கல்யாணம்தான் இல்லையே!... இருக்கா? யாரோட?... உன் அம்மாஞ்சியா? உன் மாமா பிள்ளை, அந்தத் திருவல்லிக்கேணி பள்ளிக்கூட வாத்தியாரா?... பண்ணிக்கறியான்னு நீயே அவனைக் கேட்டியா?... உடனே நடந்தே வந்துட்டானா?... அடி பொண்ணே, நான் யாரு தெரியுமா... என்ன சொன்னே?... எனக்கு மூணாவது பந்தியா?... ஹலோ... ராவ்பகதூருக்கு மூணாவது... ஹலோ!... ஹலோ!...