ஏழாவது கடிதத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

புத்தகத்தில் படித்த பக்கம் மறக்காமலிருக்க அப்பளம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் சார். சிதம்பரத்தில் எங்கள் நூலகத்தின் அரிய சேகரிப்பு அறை என் பொறுப்பு. திரும்பி வந்த புத்தகங்களுக்குள் கிடைத்தவற்றுக்கென்றே அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறேன். அப்பளம், ஒட்டு மீசை, பிரிக்கவே படாத விவாகரத்து நோட்டீஸ். பார்த்துவிட்டுச் சிரிக்காமல் போனவர் கிடையாது.

பதினோரு வருஷமாக யாரும் தொடாத நெற்பயிர்ப் பூச்சிப் புத்தகம் ஒன்றை, போன ஆடியிலிருந்து இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். புதன்கிழமை கீரப்பாளையத்துப் பெண் கனிமொழி. வியாழக்கிழமை, சிப்காட்டில் வேலை பார்க்கும் அறிவழகன். பூச்சி மேல் இவ்வளவு மோகமா என்று பிரித்துப் பார்த்தேன். கடிதம். வீட்டில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு, நூலகத்துக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுபது வருஷம் கழித்துப் பழைய கடிதமாக எங்கள் அறைக்கு வர வேண்டியது, மை காய்வதற்குள் கையில் இருக்கிறது. ஆறு கடிதங்களைப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தேன்.

ஏழாவதை வைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை நூலக வார விழாக் கண்காட்சி. நகலை வைத்தால் என்ன மரியாதை?

“ஞாயித்துக்கெழம எனக்குக் கல்யாணம் வச்சிட்டாங்க. வெள்ளிக்கெழம சாயந்தரம் ஸ்டேஷன்ல நிக்கிறேன், வந்து கூட்டிட்டுப் போ. நீ வரலன்னா உசுரோட வூட்டுக்குத் திரும்ப மாட்டேன்.”

ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது சார், அவ்வளவு சுத்தமான கையெழுத்து.

மறுநாள் அறிவழகன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். “சார், நேத்து அந்தப் பொண்ணு வந்துச்சா?”

“வரலியே தம்பி. அடுத்த வாரம் வரும், பாருங்க.”

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலடியில் நடந்ததை நீங்களே எஃப்.ஐ.ஆரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் சனிக்கிழமை பேப்பரில் படித்தேன். கடிதத்துக்கான விவர அட்டையில், உறுப்பினர் பதிவைப் பார்த்து, பெயருக்குப் பக்கத்தில் 2004 என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தேன். பிறந்த வருஷத்தைப் போட்டு மற்றதற்கு இடம் விடுவது எங்கள் வழக்கம். அந்த இடத்தையும் நிரப்பினேன்.

திங்கட்கிழமை அப்படியொரு கூட்டம். பெரிய அதிகாரி ஒருவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கடைசியாக ஏதாவது வைத்துவிட்டுப் போனாளா என்று விசாரிக்க வந்த அறிவழகனும் படித்தான். படித்துவிட்டுக் கண்ணாடி மேல் இரண்டு கையையும் ஊன்றி அப்படியே நின்றான். “ரேகை படியும், கைய எடுங்க தம்பி” என்றேன். அதன்பிறகுதான் உங்களுக்கு போன் போனது.

கடிதத்தை எடுத்தது நான்தான். வரவில்லை என்று பொய் சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் எழுதியதை எழுதிய அன்றைக்கே, ஒரு வார்த்தை விடாமல், அக்கறையாகப் படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் சார். அதையாவது எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள்.