தேங்காய் உடைக்க மறுத்தவர்

உக்கடத்திலிருந்து கிணத்துக்கடவு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் தோட்டக்காரர்; மற்றவர் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டிக்காரர்.

“நாளைக்கு எங்க தோட்டத்துல போர் போடறப்ப நீங்களே தேங்காய் உடைச்சிருங்க.”

“நான் வேண்டாமுங்க. நான் தேங்காய் உடைச்ச ஊரு ஒண்ணு இப்ப இல்லீங்க.”

“இல்லீன்னா?”

“பல வருசத்துக்கு முந்தி ஜார்க்கண்ட்ல நிலக்கரி இருக்குதான்னு தொளை போட்டுப் பார்க்கப் போயிருந்தமுங்க. பழக்கத்துல வண்டிக்கு மஞ்சள் பூசி, தேங்காய் உடைச்சுப்போட்டேன். தண்ணிக்குத்தான் தொளை போடறோம்னு நெனச்சு ஊருப் பொம்பளைங்க கொடத்தோட வந்து நின்னாங்க. எங்களுக்குச் சோறாக்கிப் போட்டாங்க.”

“தண்ணிக்கில்லீன்னு நீங்க சொல்லலீங்களா?”

“பாஷை தெரியாதுன்னு இருந்துட்டனுங்க. கையைக் காட்டியாவது சொல்லியிருக்கலாம்.”

“அப்புறம்?”

“கரி இருந்துச்சுங்க. போன மாசம் அந்தப் பக்கம் போனேன். ஊர் இருந்த எடத்துல பெரிய சுரங்கக்குழி. சனத்தையெல்லாம் எங்கயோ அனுப்பிப்போட்டாங்க. வெட்ட வெட்டத் தண்ணி ஊறுதுன்னு மோட்டார் வெச்சு எறைச்சு வெளிய உடறாங்க. கொடத்தோட வந்து நிக்கத்தான் ஆளில்லீங்க.”

பேருந்து ஒத்தக்கால்மண்டபம் தாண்டியது. பிறகு தோட்டக்காரர் மெதுவாகச் சொன்னார்.

“தேங்காயை நானே உடைச்சுக்கறேனுங்க.”