சுவர்த் துப்பாக்கிக்கு ஒரு குழாய்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன்.

சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஷ்ராப்ஷயர் துப்பாக்கிக் கழகத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் செயலாளர். நூற்று நாற்பது வருடத்துத் துப்பாக்கி, அதற்கான தோட்டாவே இன்று கிடைக்காது என்றால், அது வெறும் சுவர் அலங்காரம். லைசென்ஸ் வேண்டாம். அதே குழலுக்குள் ஒரு சன்னக் குழாயைச் செருகி, கடையில் கிடைக்கிற சின்னத் தோட்டாவைச் சுட முடிந்தால் போச்சு, அது ஆயுதம். லைசென்ஸ் இல்லையென்றால் ஜெயில். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த வேடிக்கை தெரியாது. சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

வில்ஃப் ஹாதர்சேஜ் வீட்டுக் கணப்புக்கு மேலே அப்படி ஒரு பழைய துப்பாக்கி தொங்கியது. வில்ஃப் என் நண்பன். பதினோரு வருடமாகக் கழகத்தின் சுடும் போட்டியில் அவன் முதல், நான் இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் உனக்குத்தான்டா மெர்வின்" என்பான். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவனுடைய எழுபதாவது பிறந்த நாளுக்கு, அதற்குள் செருக ஒரு சன்னக் குழாயை என் கையாலேயே கடைந்து கொடுத்தேன். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுக்கு பேப்பர் கீப்பர் ஏதாச்சும் வேணுமாடா?"

"போடா, சுவத்துல தொங்குற சாமானுக்கு எதுக்குடா பேப்பர்?"

அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பெயர் சொல்லாமல் உங்களுக்குப் போன் செய்தேன்.

குழாயைக் கொடுத்தது யார் என்று நீதிமன்றத்தில் துருவித் துருவிக் கேட்டார்கள். வில்ஃப் வாயே திறக்கவில்லை. தீர்ப்புக்கு முந்தின நாள் என்னிடம், "பேப்பர் வேணாம்னு தெரியாமத்தானே சொல்லிட்ட. உன்னையும் உள்ள போட்டுடுவாங்கடா. விடு, நான் பாத்துக்கறேன்" என்றான். நானும் விட்டுவிட்டேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை என்பது உண்மைதான்.

இரண்டு வருடம் போட்டார்கள். ஏழாவது வாரம் ஜெயிலில் மாரடைப்பு, போய்ச் சேர்ந்துவிட்டான். நேற்று நீங்கள் அந்தப் போன் பதிவைப் போட்டுக் காட்டியதும் அவன் மனைவி நோரீன், "இது மெர்வின் குரலாச்சே" என்றாளாம். கெட்டிக்காரி.

ஆமாம், குழாய் செய்தது நான், பொய் சொன்னது நான், போன் செய்ததும் நான். ஆனால் லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியுமா? யாராவது செத்துக்கித்துப் போயிருந்தால்?

எழுதிக்கொண்டீர்களா? ஒரு சின்ன விஷயம். காலையில் என் லைசென்ஸை வாங்கி வைத்தீர்களே, சனிக்கிழமைக்குள் திருப்பித் தருவீர்களா? போட்டி இருக்கிறது. இந்த ஒரு தடவையாவது நேர்மையாக ஜெயித்துக் காட்டலாம் என்று பார்க்கிறேன்.